தகட்டில் விழுந்த வெண்ணெய்

ஜிதே கடற்கரையிலிருந்து மேலே எங்கள் மலையூர்வரை கோஸ்லெமே சுடத் தெரியாத பெண் கிடையாது. மாவை மெல்லிசாகத் தேய்த்து, கீரையோ பாலாடைக்கட்டியோ உள்ளே பரப்பி மடித்து, வளைந்த இரும்புத் தகட்டில் போட்டு எடுக்க வேண்டியதுதானே என்பார்கள். ஆனால் என் தங்கை கெவ்சர் சுடுவதுபோல் இன்னொருத்தி சுட்டு நான் பார்த்ததில்லை. தங்கை என்பதால் தூக்கிப் பேசுகிறேன் என்று ஊரில் சொல்வதுண்டு. சொல்லட்டும். அவள் பிறந்தபோது முதலில் துணியில் சுற்றி வாங்கியது என் கை. அந்த உரிமையில் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். அவள் பள்ளிக்கூடம் போன காலம் அதைவிடக் குறைவு. ஆடு மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. அதனால் அவளைப் பற்றி எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் அவள் வேலை. மாவுக்கு நடுவே குழி பறித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைவாள். இடது கையால் தன் காதுச் சோணையைத் தொட்டுப் பார்த்து, மாவு அந்த மென்மைக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவாள். அதன் பிறகு மாவை யாரும் தொடக் கூடாது. உருண்டைகளாக்கி ஈரத்துணியால் மூடிவிட்டு, அடுப்புக் கொட்டகையில் குட்டைக்கால் வட்டப் பலகைக்கு முன்னால் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்காருவாள். மாவு தேய்க்கும் கோல் விரல் தடிமன்தான் இருக்கும், நீளம் கை நீளம். மாவை அந்தக் கோலில் சுருட்டி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி உருட்டி, விரித்து, கொஞ்சம் திருப்பி வைத்து, மறுபடி சுருட்டுவாள். விரித்துப் பிடித்தால் ஓரமும் நடுவும் ஒரே கனம். நான் தேய்த்தால் நடு மெலிந்துவிடும், ஓரம் தடித்துவிடும். இத்தனை வயதாகியும் அப்படித்தான்.

வெண்ணெய் விஷயத்தில் அவள் கறார். ரொட்டியைத் தகட்டிலிருந்து எடுத்துத் துணியில் போட்ட பிறகுதான் தடவ வேண்டும். தகட்டிலேயே வெண்ணெய் பட்டால் கருகிப் புகையும், வாசம் தெருக்கோடி வரைக்கும் போகும். அப்படி வாசம் போக வேண்டிய நேரம் என்று எங்களுக்கு ஒன்று உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளி பிறக்கும் அந்த நேரத்தில் இறந்தவர்கள் அவரவர் வீட்டு இறவாரத்தில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சோறு வேண்டாம், சூடான தகட்டில் வெண்ணெய் உருகும் வாசம் போதும். சுட்டதை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவர், அல்லா ஏற்றுக்கொள்ளட்டும், இன்னாருக்குப் போய்ச் சேரட்டும் என்பார். கொடுத்தவர் ஆமீன் சொல்ல வேண்டும். அதோடு முடிந்தது. கெவ்சர் எங்கள் அப்பா அம்மாவுக்காக அதைச் செய்துவந்தாள். பிறகு அவள் புருஷன் ரெம்ஸிக்காகவும் செய்தாள்.

ரெம்ஸி கப்பல்காரர். எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் கப்பல்காரர்கள்தான். நிலம் சரிவு, சோளம் தவிர வேறு எதுவும் நிற்காது. வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இருக்கும் நாளில் அடுப்புக் கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னிடம் புகார் சொல்வார்.

"உங்க தங்கச்சி கையில அந்தக் கோல் இருக்கறவரைக்கும் நான் இந்த வீட்ல வாய் தொறக்கறதில்ல மதினி. புயலுக்குக்கூட ரேடியோல முன்னாடியே சொல்லிடறான். இவளுக்கு யாரு சொல்றா?"

கெவ்சர் தலை நிமிராமல், வாய் திறக்காதவர் இவ்வளவு பேசினால் திறந்தால் என்ன ஆகும் என்பாள். அத்தனை கடல் பார்த்த மனுஷர், கடைசியில் நுரையீரல் கெட்டு வீட்டுக் கட்டிலில்தான் இறந்தார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, இல்யாஸ்.

இல்யாஸைக் கடலுக்கு அனுப்பக் கூடாது என்று அவள் எவ்வளவோ போராடினாள். இஸ்தான்புல்லில் பேக்கரி வேலைக்கு அனுப்பிப் பார்த்தாள். அங்கே ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை, திரும்பி வந்து அப்பாவின் பழைய சிநேகிதர் மூலம் ஒரு சரக்குக் கப்பலில் ஏறிவிட்டான். எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை. அப்போதுதான் ஹுல்யாவைக் கல்யாணம் செய்து வைத்தோம். தாஷ்கோப்ரு பக்கத்துப் பெண், பூண்டு விளைகிற சமவெளிக்காரி. கோல் பிடிக்கத் தெரியும், ஆனால் தேய்த்தது வட்டமாக வராது. முதல் நாள் அவள் தேய்த்ததைக் கெவ்சர் தூக்கிப் பிடித்து, "இது ரொட்டியா, நம்ம மலைப்பாதையா? எங்க பார்த்தாலும் வளையுதே" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மாமியார் கேலியைக் கேட்டுச் சிரிக்கிற மருமகள் தேறிவிடுவாள் என்று நான் அன்றே நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கெவ்சர் தேய்ப்பாள், ஹுல்யா தகட்டில் போட்டு எடுப்பாள். நான் போனால் உள்ளே பரப்பி மடித்துக் கொடுப்பேன்.

கல்யாணத்துக்கு மறு குளிர்காலம் இல்யாஸின் கப்பல் மூழ்கிப் போய்விட்டது. பார்லி ஏற்றிக்கொண்டு வந்தது. எதிர்க்கரைப் பக்கம் புயலில் சரக்கு ஒருபுறம் சரிந்து, கொஞ்ச நேரத்தில் கவிழ்ந்ததாம். மேல்தளத்தில் இருந்தவர்களில் சிலர் உயிரோடு கிடைத்தார்கள், சிலர் உடலாகக் கிடைத்தார்கள். தப்பி வந்த ஒரு பையன் எங்கள் ஊருக்கே வந்தான். கெவ்சர் அவனுக்குக் கோஸ்லெமே சுட்டுப் போட்டாள். இல்யாஸை எங்கே பார்த்தாய் என்று கேட்டாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, எஞ்சின் அறையில், என்றான். ரெம்ஸியின் மனைவிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. கவிழும் கப்பலின் அடித்தட்டில், எஞ்சின் அறையில் இருப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அவளுக்கும் தெரியும். ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. இல்யாஸ் மீன்போல நீந்துவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இமாம் வந்து, இறந்தவனுக்காக மௌலூது ஓதலாமா என்று கேட்டபோது, யாருக்கு என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். வியாழக்கிழமை தகட்டை அடுப்பில் ஏற்றுவதையும் விட்டுவிட்டாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரெம்ஸிக்கும்கூட விட்டுவிட்டாள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"வாசம் போச்சுன்னா யாரு வருவா யாரு வரமாட்டான்னு நான் எப்படிக்கா பிரிக்கிறது?" என்றாள்.

மற்ற நாட்களில் சுடுவாள். கடைசியாகத் தகட்டிலிருந்து எடுப்பதை யாருக்கும் தராமல், நீலக் கரை போட்ட ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைப்பாள். மறுநாள் அது காய்ந்து முறுகிவிடும். எங்களுக்கு ரொட்டியை எறிவது பாவம். நொறுக்கிக் கோழிக்குப் போடுவாள். அடுத்த முறை மறுபடி ஒன்று எடுத்து வைப்பாள்.

இதில் கஷ்டப்பட்டவள் ஹுல்யா. குழந்தை இல்லை. பெண்டாட்டியா, கைம்பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விசேஷ வீடுகளில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று பெண்கள் தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன். அவள் அப்பா ஓர் இடம் பார்த்திருந்தார். தாஷ்கோப்ருவிலேயே, பெண்டாட்டியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், பூண்டு வயல் இருக்கிறது. நல்ல மனுஷர் என்றார்கள். ஹுல்யா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆசையும் காட்டவில்லை. ஆனால் அதற்கு முதலில் இல்யாஸ் இல்லை என்று கோர்ட் சொல்ல வேண்டும். பெற்ற தாய் வந்து, மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை என்று சொன்னால் சீக்கிரம் முடியும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும் என்று வக்கீல் சொன்னாராம். ஹுல்யாவின் அப்பா இரண்டு முறை மலையேறி வந்து கேட்டார். கெவ்சர் தேநீர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. மூன்றாவது முறை நான் கேட்டேன்.

"என் வாயால வராதுக்கா," என்றாள். "அவள இங்க கட்டிப் போட்டிருக்கேனா? போகட்டும். போறவள நான் தடுக்கல. ஆனா அந்த வார்த்தைய என்னக் கேக்காதீங்க."

போனால் மட்டும் என்ன, எந்தப் பெயரில் போவாள்? இதைக் கெவ்சரும் யோசித்திருப்பாள்.

கப்பல் போய் இரண்டு வருஷமான அந்த மார்ச் மாதம் ஹுல்யாவின் அண்ணன் வெள்ளிக்கிழமை காலையில் வண்டியோடு வருவதாகச் சொல்லி அனுப்பினான். கோர்ட் ஆகிறபோது ஆகட்டும், பெண் பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு. வழிக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். எங்களிடம் வழிச்சாப்பாடு என்றால் கோஸ்லெமேதான். முந்தின நாளே சுட்டாக வேண்டும். முந்தின நாள் வியாழக்கிழமை.

கெவ்சர் இதை யோசிக்காமல் இல்லை. காலையிலேயே சுட்டு முடித்துவிடலாம், கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், வெண்ணெயை எடுத்த பிறகுதானே தடவப்போகிறோம், வழிக்குச் சுடுவது வேறு, அது வேறு என்று என்னிடம் அவளாகவே சொன்னாள். நான் தலையாட்டினேன். ஆனால் விடிந்ததிலிருந்து மழை. காஞ்சொறிக் கீரை பறிக்கப் போன ஹுல்யா நனைந்து மதியத்துக்குத் திரும்பினாள். கொழுந்துக் காஞ்சொறி இல்யாஸுக்குப் பிடித்தது; ஹுல்யாவுக்கும் பிடிக்கும். விறகு ஈரம், பிடிக்கவே இல்லை. ஒருவழியாகத் தகடு சூடாகும்போது பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி வெகு நேரமாகியிருந்தது. புகை தாங்காமல் கதவைத் திறந்து வைத்தோம்.

கெவ்சர் தேய்த்தாள். நான் கீரையையும் பாலாடைக்கட்டியையும் பாதி வட்டத்தில் பரப்பி, மறுபாதியை மேலே மடித்து, ஓரத்தை விரலால் அழுத்திக் கொடுத்தேன். ஹுல்யா போட்டுத் திருப்பி எடுத்தாள். கெவ்சர், அங்கே போய்ப் பூண்டு பறிக்கும்போது இடுப்பில் கம்பளித்துணி கட்டிக்கொள், ஈரத்தரையில் உட்காராதே என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹுல்யா சரிம்மா, சரிம்மா என்றாள்.

சில ரொட்டிகள் ஆன பிறகு திடீரென்று சுர்ரென்ற சத்தம். பிறகு அந்த வாசம். நான் நிமிர்ந்தேன். தகட்டின் நடுவில் ஒரு கட்டி வெண்ணெய் உருகி ஓடிக்கொண்டிருந்தது. ஹுல்யா அதன்மேல் ரொட்டியைப் போட்டாள். வெண்புகை கதவு வழியாக வெளியே போனது. கை தவறி விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கெவ்சரின் கோல் ஒரு நிமிஷம் நின்றது, பிறகு ஓடியது. அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு செர்பிலுக்கு அப்போது நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சி மூக்குக்கு வாசம் போய்விட்டால் ஒரு துண்டாவது கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆசைப்பட்ட அந்தக் கண்ணின் பங்கு கடனாக நம் மேல் நிற்கும். அவள் வேலி ஓரம் வந்து நின்றுவிட்டாள். கூப்பிடவில்லை, சும்மா நின்றாள். அவளைப் பார்த்ததும் கெவ்சர் எழுந்தாள். சண்டைக்காரி வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும் அவள் எழுந்திருப்பாள். அந்த வெண்ணெய் ரொட்டியைத் தட்டில் வைத்து, மேலே ஒரு துணி போட்டு, மாவுக் கையோடு வேலிக்குப் போனாள். நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செர்பில் இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. இல்யாஸோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"அல்லா ஏத்துக்கட்டும் சித்தி," என்றாள். "இல்யாஸுக்குப் போய்ச் சேரட்டும்."

கப்பல் போனதிலிருந்து அவன் பெயரோடு சேர்த்து அந்த வார்த்தையை யாரும் எங்கள் காதுபடச் சொன்னதில்லை. கெவ்சர் அப்படியே நின்றாள். ஆமீன் சொல்ல வேண்டிய இடம் அது. இது வழிக்குச் சுட்டதும்மா, அதுக்கில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் செர்பில் கையிலிருந்து தட்டைத் திரும்ப வாங்க முடியாது. நிறைமாதக்காரி வாயருகே போனதை எங்கள் ஊரில் யாரும் திரும்பப் பிடுங்க மாட்டார்கள்.

செர்பிலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சித்தி, இன்னிக்கு வியாழன்தானே?"

"வியாழன்தான்," என்றாள் கெவ்சர். "ஆறிடும், சாப்பிடு."

திரும்பி வந்தாள். மேல்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடிய சத்தம் கேட்டது. அந்த வாசம் எங்கெல்லாம் போயிருக்கும் என்று எங்கள் மூவருக்குமே தெரிந்தது. கெவ்சர் பலகை முன்னால் உட்கார்ந்து, கோலை எடுக்காமல் மடியில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"வெண்ணெய் கை தவறி விழுந்துச்சா?"

ஹுல்யா தகட்டைப் பார்த்தபடியே இருந்தாள். "இல்லம்மா. நான்தான் போட்டேன்."

"இன்னிக்கு என்ன கெழமைன்னு தெரியும்ல?"

"தெரியும்."

நான் நடுவில் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். கெவ்சர் கையால் என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

"வாயால சொல்ல வரலம்மா," என்றாள் ஹுல்யா. "உங்களுக்கும் வரல, எனக்கும் வரல. நாளைக்கு நான் போயிட்டா அவருக்கு யாரு போடுவா? ரெண்டு வருஷமா எறவாரத்துல வந்து வெறுங்கையாத் திரும்பிப் போயிருப்பாரோன்னு இருக்கு."

சொல்லிவிட்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தகட்டில் ஒட்டியிருந்த கருகல் மாவைத் துணியால் துடைத்தாள். மழை விட்டிருந்தது, இறவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கெவ்சர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அடுத்த உருண்டையை எடுத்து, மாவு தூவி, தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்து முடித்து என்னிடம் தள்ளினாள். நான் பரப்பி மடித்து ஹுல்யாவிடம் கொடுத்தேன். அவள் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இதுக்கும் போடு," என்றாள் கெவ்சர்.

பாதி மாவு மீதியிருந்தது. அத்தனைக்கும் வெண்ணெயைத் தகட்டிலேயே போட்டோம். கொட்டகை முழுக்கப் புகை, கண் எரிந்தது. எரிச்சலுக்கு நாங்கள் மூவருமே கண்ணைத் துடைத்துக்கொண்டோம். வீடுகளுக்குக் கொண்டுபோனது நான். ஒவ்வொரு வாசலிலும் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் மனசைத் தேற்றிக்கொண்டாளே, நல்லது என்றார்கள். ஆமீன் சொல்ல வேண்டியவள் வரவில்லை என்பதால் அவளுக்குப் பதில் நானே ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். மூத்தவள் நான், அதைச் செய்யலாம். ஆனால் அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள் என்று அவர்கள் சொன்னதற்கு மட்டும் நான் தலையாட்டவில்லை.

கோர்ட்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கோடையில் கூப்பிட்டார்கள். நான்தான் கெவ்சரைக் கூட்டிக்கொண்டு ஜிதேவுக்கு இறங்கினேன். மகனைப் பற்றித் தகவல் உண்டா என்று நீதிபதி கேட்டார். அவனுக்கு வெண்ணெய் மணக்கவிட்டாச்சு என்றாள். அவருக்குப் புரியவில்லை, வெளியூர்க்காரர். மறுபடி கேட்டார். அவள் மறுபடி அதையே சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பெண் எங்கள் பக்கத்தவள். அவள் எழுந்து போய் அவர் காதருகே சொன்னாள். அதற்குமேல் கேள்வி இல்லை. ஹுல்யாவுக்கு அந்த இலையுதிர்காலத்தில் கல்யாணம் ஆனது. போன் செய்வாள். அந்த மனுஷர் கெட்டவர் இல்லையாம். பிள்ளைகள் இன்னும் அவளை அம்மா என்று கூப்பிடவில்லையாம். இப்போது கெவ்சர் ஒவ்வொரு வியாழனும் தகட்டை ஏற்றுகிறாள். நான் தகட்டுக்கு முன்னால் உட்காருகிறேன். வாசலை விட்டு அவள் முகம் திருப்பியே உட்காருகிறாள்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு நான் திரும்பியபோது கடைசி ஒன்று மட்டும் தகட்டில் இருந்தது. ஹுல்யா பழக்கத்தில் அலமாரியிலிருந்து நீலக் கரைத் துணியை எடுத்து விரித்து வைத்திருந்தாள். கெவ்சர் எழுந்து, முதலில் சுட்ட ரொட்டிகளை, வெண்ணெய் தகட்டில் படாமல் எடுத்தவற்றை, அந்தத் துணியில் அடுக்கி ஹுல்யாவின் வழிக்காக முடிச்சுப் போட்டாள். பிறகு தகட்டில் இருந்த கடைசிக் கோஸ்லெமேயை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நீ சாப்பிடுக்கா."

"காஞ்சொறிடி," என்றேன். "அவனுக்குன்னு எடுத்து வைக்கலயா?"

"சூட்டோட சாப்பிடு," என்றாள்.

அவள் என் எதிரே உட்கார்ந்து, நான் மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. முழுசையும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஓரமும் நடுவும் ஒரே கனம்.